முதல் வரியில் நின்ற விரல்

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. ஆய்வுக்காகப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி அட்டையிலிருந்த கதையைப் பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள். விரல் மட்டும் முதல் வரியிலேயே நின்றிருந்தது.

என் பள்ளித் தோழி கலாவின் விரலும் அன்று அப்படித்தான் நின்றது. 2008, நெல்லிக்குப்பம், மூன்றாம் வகுப்பு. ஜன்னல் வழியே ஆலையின் சர்க்கரைப்பாகு வாடை, பாயில் பரப்பிய வழவழப்பான அட்டைகள். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று டீச்சர் முதல்நாளே நரிக்கதையை எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். கலாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வந்த மேடத்துக்குச் சந்தேகம். என்னிடம் கேட்டார்.

"உன் ஃபிரெண்டு நெஜமாவே படிப்பாளா?"

"நல்லா படிப்பா மேடம்."

வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று தொடங்கிய மாலை வகுப்பில் அதனால் அவள் பெயர் இல்லை. "நல்லவேளடி, வெளையாடப் போலாம் வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். எட்டாவதோடு நின்று, பண்ருட்டியில் முந்திரி உடைக்கப் போனாள்.

இப்போது என் படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வேறு அட்டை கொடுத்துப் பார்க்க எனக்கு அனுமதியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமியின் தோழியைப் பார்த்தேன்.

நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "நல்லா படிப்பா மிஸ்."