தொழிற்சாலைக்கு வந்த மாநாடு

கொழும்பில் நடந்த மருத்துவர் மாநாட்டின் உரைகளை ஒலிநாடாவில் பதிந்து, தேயிலைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் ஒலிக்கவிடும் திட்டத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் கோபமே வருகிறது.

அம்மா எங்கள் தோட்டத்து மருத்துவச்சி. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். உரைகள் ஆங்கிலத்தில் இருந்ததால், சுற்றுத் தோட்டங்களின் மருத்துவச்சிகளுக்கு அவற்றைத் தமிழில் சொல்லும் வேலை எனக்குத் தரப்பட்டது. அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தொழிலாளர் வரிசை வீடுகளில் மேட்டிலிருந்த மேல் லயத்தில் நிறைமாதமாயிருந்த ஒரு பெண்ணுக்கு முகமும் காலும் வீங்கியிருந்தன. காலையிலிருந்து தலைவலி வேறு. பிரசவத்தைத் தோட்டத்திலேயே பார்ப்பதா, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா? அனுப்ப வேண்டுமானால் தோட்ட நிர்வாகியான துரையிடம் லொறி கேட்க வேண்டும். தகுந்த காரணமின்றி அது கிடைக்காது.

மின்சாரம் தேயிலைத் தொழிற்சாலையில் மட்டுமே இருந்ததால் நாற்காலிகளை அங்கே போட்டிருந்தார்கள். அது கொழுந்து மலிந்த காலம் என்பதை ஏற்பாடு செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பேறுகால வீக்கம் பற்றிய உரை தொடங்கிய சற்று நேரத்தில், கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர்களும் ஓடத் தொடங்கின. மின்சாரம் தாழ்ந்து நாடா மெதுவாகச் சுழன்றது. உரையாற்றிய பேராசிரியரின் குரல் இழுபட்டுத் தடித்து, வெறும் முனகலாயிற்று.

"என்னாங்க இது, கொழும்பு டாக்டருக்கே இடுப்பு வலி வந்திருச்சா?" என்றார் பின்வரிசை மருத்துவச்சி ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

ரோலர்களைச் சற்று நிறுத்தும்படி தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேட்டேன்.

"கொழுந்து புளிச்சிப் போயிரும் தங்கச்சி. பேச்சு புளிக்காது," என்றார்.

நாடா முடிந்ததும், அதைக் கொண்டுவந்த யாழ்ப்பாணத்து டாக்டரிடம் அம்மா எழுந்து போனார்.

"ஐயா, ஒன்னு கேக்கணுங்க. வீக்கத்தோட தலவலியும் இருந்தா..."

"எல்லாம் அதிலை சொல்லியிருக்கினம். வடிவாய்க் கேட்டிருக்க வேணும்."

"எங்கங்க கேட்டுச்சு? மொனகல்தாங்க கேட்டுச்சு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். துரையின் பங்களாவில் விருந்து காத்திருந்தது.

யார் முன்னும் குரலெடுத்துப் பழகாத நான் அவருக்குக் குறுக்கே போய் நின்று, அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். உடனே பதில் வந்தது, ஆங்கிலத்தில், எனக்கு: தாமதிக்காமல் அனுப்ப வேண்டும், வலிப்பு கண்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. தமிழ் தெரிந்த மனிதர். கேள்வியை முதலில் கேட்ட அம்மா அவர் முழங்கையருகில்தான் நின்றுகொண்டிருந்தார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா முன்வரிசையிலிருந்த துரையிடம் போய்விட்டார்.

"தொரைங்களே, டாக்டரையாவே சொல்லிட்டாருங்க. லொறி வேணுங்க."

துரை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். ஏற்றியிருந்த தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு, சாக்குகளை விரித்து அந்தப் பெண்ணைப் படுக்கவைத்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு வலிப்பு வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்த தோட்டத்துக் கூட்டத்தில், மாநாட்டு உரையை நாடாவில் கேட்டதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் என்று அவர்களைத்தான் எடுத்துக்காட்டினார்களாம்.