நேரம் தவறாதவரின் சிறுநீர்ப்பை

பன்னிரண்டாம் எண் பேருந்தின் ஓட்டுநரை டெப்போவில் 'கடிகாரம்' என்பார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவர் வண்டி தாமதமாக வந்ததாகச் சரித்திரமே இல்லை. நேரம் தவறாமைக்காக இரண்டு முறை மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். முதலாவதை அவர் நியாயமாகவே சம்பாதித்தார். இரண்டாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது அவருடைய சிறுநீர்ப்பைக்கு. கடந்த மூன்று வருஷமாக அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கடமை உணர்ச்சியால் அல்ல, அங்கே கழிப்பறை இருந்ததால். சான்றிதழை வாங்கிய கையோடு மேடையின் பின்பக்கம் நழுவி ஓடினார். 'பாருங்கள், ஒரு போட்டோவுக்குக்கூட நிற்காத மனிதர்' என்று மேனேஜர் மைக்கில் புகழ்ந்தது, கழிப்பறைக் கதவுக்கு உள்ளே தெளிவாகவே கேட்டது.

அவருடைய தடத்தில் இருபத்தொரு நிறுத்தங்கள். அவர் மனசில் இருந்த தடத்தில் நான்குதான்: பெட்ரோல் பங்க், மரக்கடைச் சந்து, வங்கியின் பின்வாசல், கடைசி நிறுத்தம். தண்ணீர் குடித்தால்தானே வம்பு என்று முதலில் காலை டீயை விட்டார், பிறகு தண்ணீரையே விட்டார். வாய் கொப்பளிக்கும்போது ஒரு மடக்கு உள்ளே போய்விட்டால் அன்று முழுக்கக் கவலை. சீருடைக்கு அளவெடுக்க வந்தவரிடம் கால்சட்டை மட்டும் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் இருந்தால் தேவலை என்று தலையைச் சொறிந்தார். அழுக்குத் தெரியாதாம். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு பொய்யை இவ்வளவு கூசாமல் சொல்ல வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் குட்டு வெளிப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. பாலத்தடியில் நெரிசல், முக்கால் மணி நேரமாக வண்டி நகரவில்லை. இனி ஒரு நிமிஷம் தாங்காது என்றானதும், 'இன்ஜின்ல ஏதோ சத்தம், பாத்துட்டு வந்துடறேன்' என்று பயணிகளிடம் சொல்லி, நம்பிக்கை வரட்டும் என்று ஒரு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். திரும்பி வந்து, சரியாகிவிட்டது என்றும் அறிவித்தார். இன்ஜின் வண்டியில் இருக்க, ஓட்டுநர் இரண்டு தெரு தள்ளிப்போய் அதை ரிப்பேர் செய்துவிட்டு வந்தது எப்படி என்று ஒரு பயணி புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

மேனேஜர் நல்ல மனிதர். புகாரைப் படித்ததுமே விஷயத்தை ஊகித்துக்கொண்டார், குடைந்து குடைந்து கேட்கவில்லை. யூராலஜிஸ்ட்டைப் பார்த்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். வண்டி ஓட்டலாமா கூடாதா என்று டாக்டரே எழுதட்டும். கூடாது என்று எழுதினால் டெப்போ கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, போகிற வருகிற வண்டிகளின் எண்ணைக் குறிக்கிற வேலை. மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு போவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற அந்த வேலையை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் கை கையாக இருக்கும். ஆகவே எப்படியாவது 'ஓட்டலாம்' என்று எழுதி வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டபோது ஒரு பெண் மூன்று விஷயம் சொன்னாள். சாப்பிடுகிற மாத்திரைகளை எல்லாம் எடுத்து வரவேண்டும். மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனார் என்று அளவுக் குவளையில் அளந்து ஒரு டைரியில் எழுதி வரவேண்டும். வரும்போது சிறுநீரை அடக்கிக்கொண்டு வரவேண்டும். மூன்றாவதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. அது முடிந்தால் அவர் ஏன் போன் போடப் போகிறார்?

டைரி விஷயத்தில்தான் தொழில்புத்தி வேலையைக் காட்டியது. பேருந்து ஓட்டுகிறவர்கள் டிரிப் ஷீட்டைச் சாயங்காலம்வரை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். காலையில் வண்டியை எடுக்கும்போதே அட்டவணையைப் பார்த்து, போய்ச் சேரப்போகிற நேரத்தையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துவிடுவார்கள். அவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று நாளையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தார். இரண்டரை மணிக்கு ஒரு தடவை, தடவைக்கு முந்நூறு மில்லி, இரவில் ஒரே ஒரு முறை. படித்துப் பார்த்தபோது இந்த ஆளுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று அவருக்கே திருப்தியாக இருந்தது. வாங்கி வந்த குவளையின் அடியில் ஒட்டியிருந்த லேபிளைக்கூட அவர் கிழிக்கவில்லை.

மனைவிக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். இருவரும் பேருந்தில்தான் போனார்கள். அடக்கிக்கொண்டு வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் 'கழிப்பறை' என்ற பலகையைப் பார்த்ததும் அத்தனை வருஷப் பழக்கத்தில் நேராக உள்ளே போய்விட்டார். ஐந்து நிமிஷம் கழித்து நர்ஸ் வந்து, புனல் வைத்த ஒரு இயந்திரத்தைக் காட்டி, இதில் சிறுநீர் போங்கள், வேகத்தை இது அளக்கும் என்றபோதுதான் செய்த வேலை புரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தைக் கேட்டார். விசில்கூட அடித்துப் பார்த்தார். மூன்று வருஷமாக நினைத்த இடத்திலெல்லாம் மானத்தை வாங்கப் பார்த்த சாமான், கேட்கும்போது ஒரு சொட்டுத் தர மறுத்தது.

நர்ஸுக்கு இது புதிதில்லை போல. தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, குடித்துவிட்டுக் காத்திருங்கள் என்றாள். ஐந்து டம்ளர் குடித்தார். அவ்வளவு தண்ணீரை ஒரே நாளில் பார்த்தே மாமாங்கம் ஆகியிருந்தது. சுற்றிலும் அவர் வயதொத்த ஆண்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு டம்ளரோடு, எதிர்ச்சுவரை உற்றுப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டால் விசாரிக்க வேண்டிவரும் என்ற பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். முக்கால் மணி கழித்து இயந்திரம் திருப்தி அடைந்தது. அது துப்பிய காகிதத்தில் கோடு கொஞ்சம் ஏறி, நின்று, ஏறி, நின்று போயிற்று. நெரிசல் நேரத்து வண்டி இப்படித்தான் போகும் என்று அவருக்குப் பார்த்ததுமே விளங்கியது. பிறகு வயிற்றில் சில்லென்று எதையோ தடவி ஸ்கேன் பார்த்தார்கள். போனது போக இன்னும் நூற்றைம்பது மில்லி உள்ளேயே தங்கியிருந்தது.

டாக்டர் ஒரு பெண், அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். இவளிடம் எப்படிச் சொல்வது என்று அவர் நெளிந்தார். டாக்டரோ காய்ச்சலா இருமலா என்று கேட்கிற தோரணையில் எல்லாவற்றையும் கேட்டாள். அவசரமாக வருமா, வந்தால் தாங்குமா, சொட்டுமா, எரியுமா, ரத்தம் உண்டா, மலச்சிக்கல் உண்டா? திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, கையுறை மாட்டி, பின்பக்கமாக விரலால் புராஸ்டேட் சுரப்பியையும் சோதித்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஓடி ஒளிந்த மூன்று வருஷமும் இந்த அரை நிமிஷத்துக்குத்தானா என்று எண்ணியபோது, தன்னைப்போல ஒரு மடையன் உண்டா என்று தோன்றியது.

பயப்படும்படி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை, சுரப்பி கொஞ்சம் வீங்கி வழியை அடைக்கிறது, ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு டைரியை எடுத்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம்.

"இது டைரி மாதிரி இல்லையே. டைம்டேபிள் மாதிரி இருக்கு."

அவர் தொண்டையைச் செருமினார். தான் எதிலும் நேரம் தவறாதவன் என்று விளக்கம் சொன்னார்.

"ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கீங்களா?"

"ஆமாம்மா, ஒரு தடவைதான்."

"அஞ்சு தடவை," என்றாள் மனைவி. "சில நாள் ஆறு."

அவர் அவள் பக்கம் திரும்பினார். விளக்கைப் போடாமல், செருப்பு மாட்டாமல், சுவரைத் தடவிக்கொண்டு, தண்ணீரைக்கூடக் கொட்டாமல் திருடன் மாதிரிப் போய்வந்தவர் அவர். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவளை எழுப்பியதில்லை என்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

"நீ தூங்கிட்டுதானே இருப்பே?"

"நீங்க வந்து படுக்கற வரைக்கும் எனக்கு எங்க தூக்கம் வருது? இருட்டுல விழுந்துடுவீங்களோன்னு காதைத் தீட்டிக்கிட்டே கிடப்பேன். கேட்டா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு கேக்கல." பிறகு டாக்டரைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்: "லைப்ரரில பசங்க என்னை எழுப்பித்தான் புக்கு வாங்கிட்டுப் போறாங்க."

அவருக்குச் சிரிக்க வரவில்லை. கூச்சம் மானம் என்று பார்த்துப் பார்த்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம் இவளுடைய தூக்கத்தைத் தின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் மற்ற வெட்கங்களைப்போல் இல்லை, வலித்தது. டாக்டரிடமிருந்து டைரியை வாங்கி இரண்டாகக் கிழித்தார். காலை நான்கு மணியிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று சொன்னார். ஸ்பேனர் கதையைச் சொன்னார். அதற்கப்புறம், யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னார்: போன வாரம் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார், பின்னால் ஹாரன் அடித்தபோதுதான் விழித்தார், வண்டி நிறைய ஆட்கள்.

தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் அவசரப்படுத்தத்தான் செய்யும், பகலில் தாராளமாகக் குடித்துச் சாயங்காலத்துக்கு மேல் குறைக்க வேண்டும் என்றாள் டாக்டர். மாத்திரை எழுதினாள். குவளையை வைத்து இந்த முறை நிஜமாகவே அளந்து வரச் சொன்னாள். பிறகு கடிதத்துக்கான தாளை எடுத்துவைத்து, பேனா மூடியைத் திறந்து கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்க. இப்ப வண்டி ஓட்டலாமா?"

ஓட்டலாம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வந்ததே அதற்காகத்தான். மனைவி மடியிலிருந்த பையின் வாரை நீவிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா," என்றார். "நான் ஒழுங்காத் தூங்கற வரைக்கும் வேணாம்னு எழுதுங்க."

மூன்று வாரம் வேண்டாம், பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்புகிற பேருந்தில் இருவருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் மனைவியின் தலை ஆடி ஆடி அவர் தோளில் வந்து சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டு, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். அதே சமயம் ஐந்து டம்ளர் தண்ணீரும் தன் வேலையைத் தொடங்கியது. அவர் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். வேர்த்தது. வீட்டு நிறுத்தம் வந்தது, கண்டக்டர் விசிலடித்து அவரைப் பார்த்தார். அவர் தோளை அசைக்காமல், போகட்டும் என்று கையைக் காட்டினார்.