அண்ணி பேசாத கேசட்

மஸூதா அண்ணிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சொன்னால் படித்தவர்கள் 'ஐயோ பாவம்' என்பார்கள். பாவப்பட ஒன்றுமில்லை. பழவேற்காட்டில் எங்கள் பெண்கள் பலரும் அப்போது தமிழை அரபு எழுத்தில்தான் எழுதினார்கள், படித்தார்கள். குர்ஆன் ஓதப் போகிற வயதிலேயே அது கைவந்துவிடும். நான் ஓதப் போகாமல் ஏரிக்கரையில் சுற்றியவன். பள்ளிக்கூடத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் எனக்கு வரும்.

என் அண்ணன் கௌஸ் மைதீன் 1977இல் சவுதிக்குக் கட்டட வேலைக்குப் போனார். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாதம் ஒரு கடிதம் வரும், அரபுத் தமிழில். உம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது, எனக்கு அந்த எழுத்து தெரியாது. அண்ணி கொல்லைக் கதவருகே உட்கார்ந்து முதலில் மனசுக்குள் படிப்பார். பிறகு எங்களுக்கான வரிகளை மட்டும் வாய்விட்டுச் சொல்வார். நாலு பக்கக் கடிதத்தில் எங்கள் பங்கு அரைப் பக்கம் தேறாது.

"மீதி இன்னா அண்ணி எழுதிக்கீறாரு?" என்று சீண்டுவேன்.

"அங்க வெயிலாம்" என்பார்.

மூன்றரைப் பக்கத்துக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பதிலை அவர் எழுதுவார், உறைமேல் இங்கிலீஷ் விலாசம் நான் எழுதுவேன். அந்த ஒரு வேலைக்கே எனக்குத் தலைகால் புரியாது.

அண்ணன் லீவில் வந்தது ஒரே ஒரு தடவை. 1980இல், நாற்பது நாள். வரும்போது டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். "இனிமே எழுதிக்கினு இருக்க வேணாம், பேசி அனுப்பலாம்" என்றார். அதோடு கடிதம் நின்றது. ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட் வரும். கூடத்தில் தெருவே கூடிவிடும். உம்மாவின் முட்டிவலி, ஒழுகுகிற ஓடு, எறால் விலை என்று அண்ணன் ஒவ்வொன்றாக விசாரிப்பார். கடைசியில், "மஸூதா, நல்லாருக்கியா?" உடனே அத்தனை தலையும் அண்ணி பக்கம் திரும்பும். அந்தக் கூட்டத்தில் அவர்தான் வேறென்ன கேட்பார்?

பதிலை அதே கேசட்டில், அவர் பேசியதன் மேலேயே பதிவு செய்து, போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பட்டனை அழுத்துகிறவன் நான். மைக்கை அண்ணியின் மோவாய்க்குக் கீழே நீட்டுவேன். "நல்லாருக்கேன். நீங்க நல்லாருக்கீங்களா?" அவ்வளவுதான்.

1982இல் ஒரு நாள், "காஜா, ஒரு காயிதம் எழுதித் தரேன், விலாசம் போட்டுத் தரியா?" என்று கேட்டார்.

"மிஷின் இருக்கறப்ப காயிதம் எதுக்கு அண்ணி? பேசிடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த மிஷினைச் சிநேகிதர்களிடம் காட்டக் கிளம்பிவிட்டேன். இந்தப் பதிலுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பின்னால் எனக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி கடிதத்தை எழுதி, சிறிதாக மடித்து, கேசட் டப்பாவுக்குள் அட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். வந்துவிடுங்கள் என்று கேட்டு எழுதிய கடிதம். அடுத்த தெரு அப்துல் லத்தீப் அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு சவுதிக்குப் போனார்.

அடுத்த கேசட் வந்தபோது, அண்ணிதான் முதலில் டப்பாவைக் கையில் எடுத்துத் திறந்து பார்த்தார். தூசி தட்டுகிறார் என்று நினைத்தேன். கேசட்டில் வழக்கம்போல முட்டிவலி, ஓடு, எறால். பதில் பதிவு செய்ய மைக்கை நீட்டியபோது அண்ணி வாய் திறக்கவில்லை. டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஒரு வார்த்த பேசேண்டி" என்றார் உம்மா. அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். மீதி இடத்தை நான் பாட்டுப் பாடி நிரப்பினேன்.

1983 நோன்புப் பெருநாள் முடிந்து இன்னொரு கேசட் வந்தது. அதில் கடைசியாக அண்ணன் கேட்டார்: "மஸூதா ஏன் பேசல? ஒடம்பு சரியில்லியா? எம்மேல கோவமா? இன்னான்னாலும் சொல்லு." கூட்டம் சிரித்தது. அண்ணி முழுசாகக் கேட்காமலே கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் வழக்கம்போல அதன் மேலேயே பதிலைப் பேசிவைத்தேன்.

அதைக் கொண்டுபோக ஆள் கிடைப்பதற்குள் தந்தி வந்தது. அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து மௌத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே.

அண்ணி அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. எனக்கும் கோபம்தான், மறைப்பானேன்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும், அண்ணி முதலில் போனது லத்தீப் வீட்டுக்கு. அவர் மனைவிக்குப் பிரசவமாகியிருந்தது. அங்கே பிள்ளைகள் கேசட் டப்பாக்களை வரிசையாக வைத்துப் பொன்னேரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு டப்பா ஏது என்று அண்ணி கேட்டிருக்கிறார்.

"பொட்டில எடமே இருக்காது, எல்லாம் கருவாடும் ஊறுகாயும். டப்பாவெல்லாம் இங்கியே கழட்டிப் போட்டுட்டு, கேசட்ட மட்டும் துணில சுத்தி எடுத்துக்கினு போவாரு. அங்க வேற டப்பா கெடைக்குமாம்" என்றாராம் அந்தம்மா.

அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். நாலாவது டப்பாவில் கடிதம் மடித்தது மடித்தபடி இருந்தது.

வீட்டுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் எனக்குப் படித்துக் காட்டினார். "ஓடு ஒழுவுனா ஒழுவட்டும். லீவுல வர வேணாம், ஒரேடியா வந்துடுங்க. ஏரில கையால எறால் தடவிப் புடிச்சாவது பொழைக்கலாம். உங்களோட நான் இருந்தது மொத்தமா நூத்தி முப்பது நாளு. எனக்கு அது போதல. இதுக்குப் பதில மிஷின்ல சொல்லாதீங்க, காயிதத்துல எழுதுங்க."

அப்போதுதான் அழுதார். அந்த அழுகையை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

"படிச்சிட்டும் வரலன்னு இத்தினி நாளா அவர மனசுக்குள்ள திட்டிக்கினே இருந்தேன் காஜா. அந்தக் கேசட்டப் போடு. ஏன் பேசலன்னு கேட்டாரே, அத ஒரு தடவ கேட்டுக்கறேன்."

பட்டனை அழுத்தினேன். "அண்ணிக்கு ஒண்ணுமில்ல அண்ணா, நல்லாத்தான் இருக்காங்க" என்றது என் குரல்.

"அவரு கொரல் எங்க?"

"அதும்மேலதான் அண்ணி நான் பேசிட்டேன்."

நான் டேப்பை நிறுத்தப் போனேன். அண்ணி விடவில்லை. என் குரல் ஓடி முடிகிறவரைக்கும் உட்கார்ந்து கேட்டார்.