பல் துலக்கச் சொல்லிக்கொடுத்தவள்

அந்தப் பல் மருத்துவமனையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. டாக்டரம்மா கையை நீட்டினால் போதும், எந்தக் கருவி என்று கேட்காமலே எடுத்து வைப்பாள். பல் அடைக்கச் சிமெண்ட் குழைப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, வராமல் போனவர்களுக்குப் போன் செய்து அடுத்த தேதி சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் பேர் வாங்கிக்கொடுத்தது வேறு வேலை. பிளாஸ்டிக்கில் செய்த பெரிய தாடை ஒன்றையும் முழங்கை நீளத்துக்கு ஒரு பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு, எப்படிப் பல் தேய்ப்பது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பாள்.

"ஈறுலேர்ந்து பல்லுக்கு. கருகின சட்டி தேய்க்கிற மாதிரி தேய்க்கக் கூடாது. ரெண்டு நிமிஷம். காலையில ஒரு தடவை, படுக்கப் போறப்ப ஒரு தடவை. அவ்வளவுதான், மலையைத் தூக்கச் சொல்லலையே."

குழந்தைகள் அவளை பிரஷ் அக்கா என்றார்கள். பிறகு பெரியவர்களுக்கும் அதுவே பேராகிவிட்டது.

வீட்டில் அவளும் மகளும்தான். புருஷன் பிரிந்துபோய்ப் பதினாலு வருடம். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் "அது முடிஞ்ச கதை" என்று முடித்துவிடுவாள். உண்மையிலேயே அது முடிந்துதான் போயிருந்தது.

மகளைத் தூர ஊரில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய மறுநாள், வழக்கம்போல் ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. எழுப்ப ஆளில்லை, கட்டிக்கொடுக்கச் சாப்பாடு இல்லை. அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். எட்டு மணிக்கு எழுந்து அடித்துப்பிடித்து ஓடினாள். அதுவரை இருபது நிமிடம் நடந்தே வேலைக்குப் போனவள் அன்றைக்கு பஸ் ஏறினாள். அடுத்த நாளும் பஸ்தான். காலைச் சாப்பாடு நின்றது. ஜன்னல் திரையை யாருக்காகத் திறப்பது என்று அதுவும் மூடியே கிடந்தது. சாயங்காலம் வந்ததும் வேலை உடுப்போடு சோபாவில் சாய்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். யாரோ சமைப்பதையும் யாரோ வீடு துடைப்பதையும் மணிக்கணக்கில் பார்த்துவிட்டு, பக்கத்து அடுக்களையில் ஒரு டம்ளரைக் கழுவத் தெம்பில்லாமல் அப்படியே தூங்கிப்போவாள்.

அப்படித் தூங்கிப்போன ஒரு நாள் பல் தேய்க்கவில்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தாள். மூன்றாவது வாரத்தில் ராத்திரி தேய்க்கும் வழக்கமே இல்லாமல் போனது. இரண்டு மாதம் கழித்துக் காலையிலும் நின்றது. வாயில் இரண்டு மிட்டாய்களைப் போட்டுக்கொண்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பல்லில் படியும் அழுக்கு எத்தனை நாளில் கல்லாகும், ஈறு எப்போது விலகும் என்று அவளுக்கு அத்துப்படி. பிரஷ் கண்ணெதிரே குவளையில் நிற்கும். கை மட்டும் போகாது.

இது ஒரு நோய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தாள். என்ன குறை எனக்கு, வேலை இருக்கிறது, மகள் நன்றாகப் படிக்கிறாள், இதற்குப் பேர் கொழுப்பு என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டிக்கொள்வாள். பிறகு கண்ணாடியையும் பார்ப்பதில்லை. டாக்டரம்மா பக்கத்தில் குனிந்தால் மூச்சை அடக்கிக்கொண்டாள். எல்லோரும் சேர்ந்து டீ குடிக்கும் நேரத்தில், மாஸ்க்கைக் கழற்ற வேண்டுமே என்று கருவிகளைக் கழுவப் போய்விடுவாள். மகள் வீடியோவில் கூப்பிட்டால் "நெட் சரியில்லம்மா, வாய்ஸ் கால்ல பேசு" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். பல் பூராவும் காவி ஏறி, ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம். டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தாடை வகுப்புக்கு அனுப்பினார். வரவேற்பறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொதுவாக உள்ளே வைத்துச் சொல்லிக்கொடுப்பவள், அன்று அங்கேயே ஆரம்பித்தாள்.

"ஊர்ல இருக்கிற மிஷினையெல்லாம் துடைச்சு எண்ணெய் போடறீங்க. சொந்த வாயைப் பார்த்துக்க ரெண்டு நிமிஷம் இல்லையா சார்? பக்கத்துல உட்கார்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

யாரோ சிரித்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கோபப்படவில்லை.

"தெரியாம இல்லம்மா," என்றார் மெதுவாக. "பிரஷ்ஷை எடுக்கிறேன். பேஸ்ட் கூட வைக்கிறேன். அப்புறம் அப்படியே வச்சிட்டு வந்துடறேன். ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல."

"எனக்கும் அப்படித்தான் சார்" என்ற மூன்று வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய், கருவி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

இரண்டு வாரம் கழித்து அவர் வரவில்லை. கூப்பிட வேண்டியது அவள் வேலை. எண்ணைப் பார்த்தாள், பதிவேட்டில் 'எடுக்கவில்லை' என்று எழுதினாள். அழைக்கவே இல்லை. பத்தொன்பது வருடத்தில் அந்தப் பதிவேட்டில் அவள் எழுதிய முதல் பொய் அது. பின்னாளில் இதை எழுதும் என்னிடம் கதையைச் சொல்லும்போது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இந்த இடத்தில்தான் நிறுத்தி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவளுடைய கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்தது. சொந்த மருத்துவமனையில் வாயைத் திறப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தாள். லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு மருத்துவமனைக்குப் போனாள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினாள்.

அங்கே உதவிக்கு இருந்தவள் சின்னப் பெண். டாக்டர் வயதானவர். நாற்காலியில் சாய்ந்ததும் இவள் தன்னை அறியாமலே தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி, நாக்கை ஒதுக்கி, குழாய்க்கு இடம் விட்டாள். டாக்டர் கையை நீட்டியபோது இவள் கையும் தட்டுப் பக்கம் போய்விட்டது.

"அக்கா, நீங்களும் இதே வேலைதானா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா," என்றாள் அவசரமாக. "டிவில பார்த்திருக்கேன்."

பல்லைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் அந்தப் பெண் ஒரு தாடையையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து வைத்தாள். "ஈறுலேர்ந்து பல்லுக்குக்கா," என்று ஆரம்பித்தாள். பொறுமையாக, மரியாதையாக, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். மெக்கானிக்கிடம் தான் பேசிய பேச்சு ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "நல்லா வச்சிருந்த வாய் இது," என்றார். "எட்டு ஒன்பது மாசமாத்தான் கெட்டிருக்கு. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல," என்றாள். ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு சாவோ சண்டையோ இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். பஞ்சோடு வாயை மூட முடியாமல், ரத்தமும் எச்சிலும் வழிய அழுதாள்.

அவர் மனநல மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் சுற்றினாள். அந்த மூன்று வாரமும் ஒரு பக்கமாகவே மென்றாள்.

டாக்டரம்மா குழந்தை ஒன்றுக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம், சட்டென்று நிமிர்ந்து, மாஸ்க்குக்கு வெளியே ஒரு பக்கம் ஒட்டிப்போயிருந்த அவள் கன்னத்தைப் பார்த்தார். குழந்தை போனதும், "மாஸ்க்கைக் கழட்டு," என்றார்.

"வேண்டாம் டாக்டர்."

"கழட்டுன்னு சொல்றேன்ல."

கழற்றினாள். டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார்.

"எங்க பிடுங்கின?"

சொன்னாள்.

"பத்தொன்பது வருஷம் கூட நின்னிருக்க. எவனோ ஒருத்தன்கிட்ட போய் வாயைக் காட்டுவ, என்கிட்ட காட்ட மாட்ட?" குரலில் இருந்தது கோபமா வருத்தமா என்று தெரியவில்லை.

"உங்ககிட்டதான் டாக்டர் முடியாது. நான் இப்படி இருந்துக்கிட்டு அடுத்தவங்களுக்குப் பாடம் நடத்திக்கிட்டு இருந்தேன்."

டாக்டரம்மா வாசல் கதவில் 'இடைவேளை' அட்டையைத் தொங்கவிட்டு வந்தார். அவளைப் படுக்க வைத்துத் தானே சுத்தம் செய்தார். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அந்த ஆள்தான் நாற்காலியில் கிடந்தாள். குழாய் இரண்டு முறை கைநழுவி டாக்டரம்மாவின் புடவை நனைந்தது. "அந்தச் சின்ன கண்ணாடியை எங்கதான் வைப்ப நீ?" என்று இழுப்பறைகளைக் குடைந்தார். வாயைத் திறந்தபடியே அவள் விரலால் காட்டினாள். ஒரு மணி நேரம் ஆனது. முடிந்ததும் அவள் கைப்பையிலிருந்த கடிதத்தை நீட்டினாள். டாக்டரம்மா படித்துவிட்டு, "இந்த லெட்டர்ல இருக்கிற டாக்டர்கிட்ட நாளைக்குப் போறோம்," என்றார். "போறியான்னு கேட்கல. போறோம்."

மனநல மருத்துவர் ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்கிறாள் என்று மணிவாரியாகச் சொல்லச் சொன்னார். பல் தேய்ப்பதில்லை என்பதைவிட, இதைச் சொல்லத்தான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சொல்வதற்கு எதுவுமே இல்லை. சோபா, போன், சோபா.

"சோர்வு வந்ததால பழக்கம் விட்டுப்போச்சா, பழக்கம் விட்டதால சோர்வு ஏறிச்சான்னு பிரிச்சுப் பார்க்க முடியாதும்மா," என்றார் அவர். "ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டுப் போகும். மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்யட்டும். நீங்க இன்னொரு பக்கம் ஒரே ஒரு விஷயத்தைப் பிடிங்க. ஒரே நேரத்துக்கு எழுந்து, திரையைத் திறங்க. அது போதும்."

"அவ்வளவுதானா?"

"செஞ்சு பாருங்க. அதுவே மலையாத் தெரியும்."

தெரிந்தது. முதல் வாரம் இரண்டு நாள் திறந்தாள். அடுத்த வாரம் ஒரு நாள். தோற்றுப்போன நாட்களில் மாத்திரையைக்கூடத் தூக்கி எறியலாம் என்றிருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் ஆறரைக்கு எழுவது ஓரளவு படிந்தது. எழுந்துவிட்டால் கொஞ்சம் பசித்தது. நேரம் மிச்சமிருந்ததால் பாதி தூரம் நடந்தாள். நடந்த நாட்களில் தூக்கம் முன்னதாக வந்தது. போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கும் முயற்சி மட்டும் இன்றுவரை பாதிதான் வெற்றி.

மெக்கானிக் எண்ணுக்கு ஒரு நாள் அழைத்தாள். மனைவிதான் எடுத்தாள். தான் யார் என்று சொன்னாள்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசினது தப்பு. அவர்கிட்ட சொல்லணும்."

"அவரு அதுக்கப்புறம் எந்த பல் டாக்டர்கிட்டயும் போகலைங்க," என்றாள் அந்த அம்மாள். "நான் சொல்றேன். ஆனா வருவாரான்னு தெரியாது."

அவர் வரவில்லை. அந்தப் பதிவேட்டில் பொய்யை அடித்துவிட்டு, தேதி போட்டு உண்மையை எழுதினாள். அதனால் மனசு லேசாகவில்லை.

மகளிடம் சொல்லத்தான் கடைசியாகத் துணிந்தாள். வீடியோவில், இல்லாத பல்லின் இடத்தைக் காட்டியே சொன்னாள். மகள் அழுதுவிட்டு, "நெட்டு நெட்டுன்னு மாசக்கணக்கா ஏமாத்தினியேம்மா," என்றாள். இப்போது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா எழுகிற நேரத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். பார்ப்பது அம்மாவுக்குத் தெரியும். கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. சில வாரங்கள் நன்றாகப் போகும், சில நாட்கள் பழையபடி. அப்படி ஒரு நாள் வேலைக்கு வந்ததும் டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"நேத்து ராத்திரியும் தேய்க்கல டாக்டர். இன்னிக்குக் காலையிலயும் இல்ல."

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "புது பிரஷ் ரெண்டாவது அலமாரியில இருக்கு. தேய்ச்சிட்டு வா. முதல் ஆள் வந்து உட்கார்ந்தாச்சு."

அவள் முகம் சிவந்துபோய், அலமாரியைத் திறந்தாள்.