மூக்கர் முகர்ந்த காற்று

எங்கள் மாடி அறையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயில் தண்ணீர் வருமா என்றுதான் கேட்பார்கள். டீச்சர் கேட்டது வேறு.

"இந்த ஊர்ல சிலிண்டருக்குக் காத்து அடைக்கிறவர் ஒவ்வொண்ணையும் மோந்து பாத்துட்டுத்தான் குடுப்பாராமே, நெஜமா?"

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "அவரு யாருன்னு நெனச்சீங்க? என் தங்கச்சி வீட்டுக்காரர்தான்" என்றேன். அந்த நிமிடமே அறை பிடித்துப்போய்விட்டது. ஜன்னல் கதவு சரியாக மூடாததைக்கூட அவர் கண்டுகொள்ளவில்லை.

டீச்சர் வேலையை விட்ட கையோடு, ஒரு சீசன் முழுக்க ஏதாவது ஒரு கடலோர ஊரில் தங்கி ஸ்கூபா முழுகுவது என்று கிளம்பியவர். பல ஊர்களைப் போய்ப் பார்த்திருக்கிறார். ஓர் ஊரில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம். இன்னோர் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்ததாம். எங்கள் ஊரில் இரண்டும் கிடையாது. "அடியில போனப்புறம் நமக்கு இருக்கிறது முதுகுல கட்டின காத்து மட்டும்தான். அது சரியா இருந்தா மத்ததைச் சமாளிச்சுக்கலாம்" என்றார். அவருடைய கணவருக்குக் கடல் என்றாலே உதறல். மனைவி முழுகப் போகும்போது அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்வரை படகுத்துறையில் குடையோடு உட்கார்ந்திருப்பார்.

என் தங்கை கணவரை ஊரே மூக்கர் என்றுதான் கூப்பிடும். பார்த்தால் சப்பை மூக்கு, அதற்கு இத்தனை பெயரா என்று சிரிப்பு வரும். சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஆள். முழுகுபவர்களுக்கான கடை ஊரில் வந்தபோது, காற்றடிக்கிறவன்தானே என்று முதலாளி கூட்டிப்போய் கம்ப்ரசர் முன்னால் நிறுத்திவிட்டார். அது டீசலில் ஓடும் பெரிய இயந்திரம். வெளிக்காற்றைக் குழாய் வழியாக இழுத்து, அமுக்கிச் சிலிண்டரில் அடைக்கும். அந்தக் குழாய்க்குள் துளி புகை போனாலும் அது காற்றோடு சேர்ந்து சிலிண்டரில் ஏறிவிடும். தரையில் அது வெறும் தலைவலி, ஆழத்தில் அது ஆளையே கொண்டுபோய்விடும்.

அதனால் மூக்கர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். சிலிண்டர் நிரம்பியதும் வால்வை இம்மியளவு திறப்பார். குனிந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுப்பார். சரி என்றால் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார். ஒருமுறை யாருக்கும் தெரியாத புகையை அப்படிக் கண்டுபிடித்து அன்றைக்கு அடைத்ததையெல்லாம் திறந்துவிட்டார். அதிலிருந்து வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் அவர் முகர்வதைப் படம் பிடித்துப் போட்டார்கள். விஷவாயு இருந்தால் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அதை வாங்கலாமே என்று யாராவது சொன்னால் முதலாளி சிரிப்பார். "எனக்கெதுக்கு மீட்டர்? மூக்கன் இருக்கான்ல!" கம்ப்ரசர் வடிகட்டியில் இருக்கும் கரியை மாற்றுவதற்கும் அதே பதில்தான். மகா கெட்டிக்காரர்!

பிறகு நடந்ததை என் தங்கை எல்லாம் முடிந்த பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்னாலேயே தெரிந்திருந்தால் இரண்டு பேரையும் வெளக்குமாற்றால் வெளுத்திருப்பேன்.

முந்தின மழைக்காலத்தில் மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, கூடவே மோப்பமும் போயிற்று. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது, மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாராம். தங்கை பாத்திரத்தைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அழுதாராம்.

"மொதலாளிகிட்ட சொல்லிடுங்க" என்று அவள் கெஞ்சியிருக்கிறாள்.

"சொல்லிட்டு? மறுபடி பஞ்சர் ஒட்டப் போகவா? மூக்குக்காகத்தான் இந்த ஊர்ல எனக்கு மரியாதை. அது போச்சுன்னா நான் யாரு?"

பதிலுக்கு அவள் ஒரு வழி சொன்னாள், பாவி. சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் தினமும் கம்ப்ரசர் கொட்டகைக்குப் போனாள். அவர் குனிந்து கண்ணை மூடும்போது பின்னால் ஒட்டி நின்று அவளும் மூச்சிழுப்பாள். நாற்றம் இருந்தால் அவர் முதுகில் விரலால் தொடுவாள். தொடவில்லை என்றால் நல்ல காற்று. கட்டியவன்மேல் என்ன பாசம், சாப்பாட்டு நேரத்தில்கூடப் பிரியமாட்டேன் என்கிறாளே என்று நானே கேலி பேசியிருக்கிறேன். பார்க்க வந்தவர்கள் மூக்கரைத்தான் படம் பிடித்தார்கள். அவளை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

டீச்சர் வந்து குடியேறி, எங்கள் வீட்டில் ஒருத்தியாகப் பழகிவிட்ட சமயம், தங்கைக்குச் சளி பிடித்தது. மூக்கு இரண்டும் அடைத்து, போர்வைக்குள் சுருண்டுவிட்டாள்.

"இன்னிக்கு அடைக்க வேணாம். மிஷின் ரிப்பேர்னு சொல்லுங்க" என்றாள்.

"டீச்சருக்கும் கூடப் போற கைடுக்கும் ரெண்டே சிலிண்டர். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு கண்ணால பாத்துக்கிட்டா போச்சு" என்று கிளம்பிவிட்டார்.

பார்க்கத்தான் பார்த்தார். கொட்டகைக் கூரையில் ஒரு கம்பு, அதில் கட்டிய துணி. இயந்திரத்தின் புகை ஒரு பக்கம் போக, துணி அதே பக்கம் பறந்தது. காற்றிழுக்கும் குழாய் எதிர்ப்பக்கம் இருந்தது. எல்லாம் ஒழுங்குதான். ஆனால் அந்த எதிர்ப்பக்கத்துச் சுவருக்குப் பின்னால் லாட்ஜ்காரர்கள் புதிதாக ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அன்றைக்குக் கரண்ட் போனதும் அதை ஓட்டினார்கள். அந்தப் புகை நேராகக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கம்ப்ரசர் போடும் கூச்சலில் பக்கத்து இயந்திரச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? மூக்கர் வால்வைத் திறந்தார், குனிந்தார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார்.

கைடு கடலடியில் டீச்சரைத் திரும்பிப் பார்த்தபோது அவர் கைகால் அசையாமல் மிதந்துகொண்டிருந்தாராம். கைடுக்கும் தலை சுற்றியிருக்கிறது. எப்படியோ இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டான். அவன் வாந்தி எடுத்துப் பிழைத்தான். டீச்சர் கண் திறக்கவே இல்லை. துறையில் கிடத்தியபோது, அவருடைய கணவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மனைவிக்கு மாட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

வயசாகிவிட்டது, இதயம் நின்றிருக்கும் என்றார் முதலாளி. அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் போலீஸ்காரர்கள் டீச்சரின் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். பாதி காற்று இன்னும் அதில் இருந்தது. கூடவே டீச்சரின் கணவரும் வந்தார். தங்கையும் நானும் போய்ச் சேரும்போது வாசலில் கூட்டம். உள்ளே போக முண்டிய தங்கையை ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். "நீங்க அங்கயே நில்லுங்கம்மா."

டீச்சரின் கணவர் மூக்கரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சு வலியாத்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. நீங்க ஒருதடவை பாத்துச் சொல்லிடுங்கய்யா. நீங்க நல்ல காத்துன்னா நான் அவளை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிடறேன்."

"சட்டுனு பாத்துச் சொல்லுய்யா" என்றார் முதலாளி.

மூக்கர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். வழிநெடுக ஆள். தங்கை "கொஞ்சம் விடுங்க, அவருக்குச் சாப்பாடு" என்றாள். கையில் சாப்பாடும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரும் நகரவில்லை.

அவர் வால்வைத் திறந்தார். குனிந்தார். கண்ணை மூடினார்.

டீசல் புகை நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவியது. போலீஸ்காரர் கைக்குட்டையை எடுத்தார். முதலாளி இருமினார். தங்கையின் அடைத்த மூக்கில்கூட அது ஏறியிருக்க வேண்டும், என் கையை அப்படி இறுக்கிப் பிடித்தாள். மூக்கர் மட்டும் நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார். முதுகில் யாராவது தொடுகிறார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

யாரும் தொடவில்லை.

"நல்ல காத்து சார்" என்று தலையை ஆட்டினார்.

கண்ணைத் திறந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் கணவர் மட்டும் பொத்தவில்லை. அவர் குனிந்து, தானே அந்த வால்வை மூடினார்.

"போட்ல வச்சு சிலிண்டர் காத்தை இழுத்துப் பாத்தப்போ அவளுக்கு ஏதோ நாத்தம் வந்திருக்கு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "கைடுகிட்ட சொல்லியிருக்கா. மூக்கர் மோந்து குடுத்ததும்மா, நாத்தம் போட் டீசலாத்தான் இருக்கும்னு அவன் சொன்னானாம். அப்படின்னா சரின்னு இறங்கிட்டா."

மூக்கர் அதற்கும் தலையை ஆட்டினார்.