பட்டர் போட்ட பட்ஜெட்

பனிமலைக் கோயிலின் பெயரைச் சுமந்திருந்தாலும் பத்ரி திண்டுக்கல்லைத் தாண்டியதில்லை. விளாங்குடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலுக்கு அவன்தான் ஒரே பட்டர். அப்பா காலமான பிறகு பத்தொன்பது வயதில் சாவியை வாங்கியவன். காலையும் மாலையும் நடை திறந்தாக வேண்டும். கோயம்புத்தூரில் கல்யாணம், வாடா என்று யாராவது கூப்பிட்டால், "கோயிலை யார் பாத்துக்கறது?" என்பான். கூப்பிட்டவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள்.

ஒரு மத்தியானம் நடை சாத்திவிட்டு, கூடப் படித்த ஜெய்சனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். போனுக்கு சார்ஜர் வாங்கத்தான். அங்கே திரையில் ஓடிய கேமில் ஒருத்தன் குதிரைமேல் பனிக்குள் போய்க்கொண்டிருந்தான். எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. பத்ரி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வீட்டுக்கு வந்த பிறகுதான் சார்ஜர் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து ஆள் இந்த உலகத்திலேயே இல்லை. அர்ச்சனைக்கு வந்தவர்களிடம் நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டு, மறுபடியும் கேட்பான். துளசியைக் கிள்ளும்போது விரலில் பனி சில்லிட்டது. தட்டில் விழுந்ததைச் சேர்த்து வைத்ததில் தொண்ணூறாயிரம் தேறியது. அதற்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர், ஒவ்வொரு பாகமும் தானே பொறுக்கிச் சேர்த்ததாக வேண்டும்.

அவன் போட்ட பட்ஜெட்டைப் பார்த்து ஜெய்சன் தலையில் கைவைத்துக்கொண்டான். பட்டர் புத்தி எங்கே போகும்? கண்ணாடிப் பெட்டி, கலர் கலராய் ஒளிரும் விசிறிகள், மின்னும் கீபோர்டு என்று அலங்காரத்துக்கே பாதிப் பணம் போயிருந்தது.

"மாப்ள, லைட்டுக்கே இம்புட்டுப் போட்டா உள்ள ஓட என்ன இருக்கு? கிராபிக்ஸ் கார்டுதான்டா மூலவர். பனியை வரையுறதே அதுதான். அதுல கையை வச்சா பனிக்குப் பதிலா சுண்ணாம்புதான் தெரியும்."

"அலங்காரம் இல்லாம எப்படிடா சேவிக்கிறது?"

"நீ திரையைப் பாக்கப் போறியா, பெட்டியைப் பாக்கப் போறியா?"

பத்ரி அரை மனசாக ஒவ்வொன்றாய்க் கழற்றினான். கண்ணாடி போய்த் தகரம் வந்தது. கார்டு பெரிதானது. கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ். வந்து சேர்ந்தது. ஒரே ஒரு நீல விளக்கை மட்டும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தான். போனால் போகிறது என்று ஜெய்சன் விட்டுவிட்டான்.

கணக்கு ஒருவழியாக உட்கார்ந்த வாரம், சோழவந்தானிலிருந்து அத்தை பிள்ளை சிவராம் வந்தான். அவனும் பட்டர்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"நிஜப் பனியையே பாத்துட்டு வாயேன்டா. எங்க கோயில்ல ரெண்டு பேர் இருக்கோம். பத்து நாள் இங்க நான் பாத்துக்கறேன்."

பத்ரி நிமிர்ந்து பார்த்தான். "நிஜமாவா?"

"நீ கேட்டிருந்தா எப்பவோ வந்திருப்பேனே."

இத்தனை வருஷத்தில் அவன் ஒருத்தரையும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதுகூட இல்லை. தன்மேலேயே அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

ரயிலை நினைத்துப் பார்த்தான், தெரியாத பாஷையை நினைத்துப் பார்த்தான். மலைக்குப் போனால் பத்தாம் நாள் இறங்கிவிட வேண்டும். கம்ப்யூட்டரோ தினமும் மத்தியானம் காத்திருக்கும். பணத்தை ஜெய்சனிடமும் சாவியைச் சிவராமிடமும் கொடுத்தான்.

"லீவு போட்டுட்டு ஆத்துலயேவா இருக்கப் போற?" என்று சிவராம் விழித்தான்.

"ஆமா" என்றான் பத்ரி.

கம்ப்யூட்டரின் பாகங்களையெல்லாம் பூட்டி முடித்த அன்று சாயங்காலம், மாடி அறையில் குதிரையை மலையேற்றினான். திரையெல்லாம் பனி. பக்கத்தில் ஜெய்சன் கத்திக்கொண்டிருந்தான். "ஓட்டுடா, பின்னாடி ஆளு வாரான்!"

அப்போது அடுத்த தெருவில் கோயில் மணி அடித்தது. பத்ரி பதறி எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு படிவரைக்கும் போய்விட்டான். அப்புறம்தான் உறைத்தது. அடிப்பது வேறு கை. இத்தனை காலமும் அதன் அடியிலேயே நின்றவனுக்கு அது காதை அடைக்கும் சத்தம், அவ்வளவுதான். தள்ளி நின்று கேட்டால் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

"என்ன மாப்ள, கேம் பிடிக்கலையா?"

பத்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சும்மா இருடா கொஞ்சம். மணி அடிக்குது."