கணக்குக்கு ரெண்டு ஆளு

முதலில் தான் ஒதுங்கிக்கொண்ட பிறகுதான் யூஜின் மற்றவர்களை உள்ளே விடுவார். லிப்டின் இடது மூலையில், பொத்தான்களுக்குப் பக்கத்தில் முதுகை ஒட்டவைத்து, வயிற்றை எக்கி, தோள்களைக் குறுக்கிக்கொண்டு, "வாங்கோ, ஒவ்வொருத்தரா வாங்கோ" என்பார். ஏறுகிறவர்களை விரல் நீட்டி எண்ணுவது மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி. கண்ணாலேயே எண்ணுவார். வாய் மட்டும் முணுமுணுக்கும். "மூணு, நாலு, அஞ்சு, ஆறு. போதும்பா, புல்." முதலில் ஏறிய ஆளையே மூன்று என்று எண்ணினால் ஒன்றும் இரண்டும் எங்கே போயின என்று புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள். யூஜின் தன் நெஞ்சில் தட்டிக் காட்டுவார். "ரெண்டும் இங்கதான் சார் கீது."

சிரிப்புக்காகச் சொல்வதல்ல, கணக்கே அப்படித்தான். லிப்டுக்குள் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது: ஆறு பேர், நானூற்றெட்டு கிலோ. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு அறுபத்தெட்டு. லிப்ட் செய்தவன் கண்ணில் மனிதன் என்றால் அறுபத்தெட்டு கிலோ, தீர்ந்தது விஷயம். யூஜினோ நூற்று முப்பத்தொன்று. "கணக்குக்கு ரெண்டு ஆளு சார். அஞ்சு கிலோ கம்மி" என்பார், அந்த ஐந்து கிலோவைத் தானே வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் குறைத்தது மாதிரி. இந்தப் பழைய லிப்டில் பாரம் அதிகமானால் அலற மணி கிடையாது. யூஜின்தான் மணி.

மல்லேஸ்வரத்தில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஐந்து மாடிக் கட்டடம் அது. கீழே புடவைக் கடை, மேலே ஆடிட்டர், அதற்கு மேலே பல் டாக்டர், ரத்தப் பரிசோதனைக்கூடம், உச்சியில் ஒரு டியூஷன் சென்டர். அத்தனை பேரும் ஏறி இறங்க இந்த ஒரே கூண்டு. அதற்குள் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மின்விசிறி, ஒரு முக்காலி. முக்காலியில் யூஜின் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உடைந்துவிடும் என்று பயமில்லையாம், உடைந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றுதான் பயமாம். அப்பா தங்கவயலில் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டை ஓட்டினவர். "அவரு கீழ இறக்கினாரு, நான் மேல ஏத்துறேன். அவ்ளோதான் எங்க குடும்ப முன்னேற்றம்" என்று யூஜின் சொல்லும்போது, அவர் வயிறுதான் முதலில் சிரிக்கும்.

வருஷத்துக்கு ஒரு நாள் அவர் எடை பார்ப்பார். ஜீவனஹள்ளியில் அவர்கள் கோயில்காரர்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாமில். மெஷின் முன்னால் போய் நின்றதும் ஒரு சடங்கு தொடங்கும். செருப்பைக் கழற்றுவார். பெல்ட்டை உருவுவார். கைக்கடிகாரம், போன், சாவிக்கொத்து, பர்ஸ், சட்டைப்பையில் இருக்கும் பேனா, மூக்குக்கண்ணாடி வரை எல்லாவற்றையும் மனைவி ஹெலனிடம் கொடுப்பார். ஹெலனும் பிச்சை வாங்குகிறவள் போல இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நிற்பாள். பிறகு மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறுவார். "கண்ணாடி இன்னாங்க வெயிட்டு இருக்கப் போவுது" என்று ஹெலன் வருஷம் தவறாமல் கேட்பாள். "இருக்கிற பாரத்துல அது எதுக்கு நம்ம கணக்குல" என்பது அவருடைய பதில். கண்ணாடி இல்லாமல் முள் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஹெலன்தான் படித்துச் சொல்வாள். இரண்டு கிலோ குறைத்தே சொல்வாள், பாவம்.

இந்த ஏப்ரலில் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கொரோனா இரண்டாவது சுற்று வந்ததிலிருந்து லிப்டில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று கட்டடத்துச் சங்கம் ஒட்டிவைத்திருக்கிறது. யூஜின் வழக்கம்போல் மூன்றிலிருந்து எண்ணுகிறார். "மூணு, நாலு, புல்" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? இரண்டு முகமூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்துகொண்டு, காது மட்டும் தீட்டிவைத்தபடி நிற்கிறார். இருமல்களை அவர் இப்போது மாடி வாரியாக அறிவார். பரிசோதனைக்கூடத்துக்குப் போகிறவர்களின் இருமல் அடக்கி அடக்கி வரும். டியூஷன் பிள்ளைகளுடையது வெட்கமில்லாமல் வரும். யாராவது தொண்டையைக் கனைத்தால் போதும், யூஜின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அந்த ஆள் இறங்கும் வரை மூச்சுவிட மாட்டார். நாலாவது மாடிக்குள் முகம் சிவந்துவிடும். 

பயத்துக்குக் காரணம் உண்டு. அண்ணன் ஆண்டனி. அதே உடம்பு, அதே நடை. பின்னாலிருந்து பார்த்தால் அம்மாவுக்கே குழப்பம் வரும். போன வருஷம் செப்டம்பரில் ஆண்டனிக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குப்புறப் படுக்கவைத்தால் நுரையீரலுக்குக் காற்று போகும் என்றார்கள். அவரைத் திருப்பிப் போட ஆட்கள் போதவில்லை. பக்கத்து வார்டிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்று அங்கே வேலை செய்த ஒருவர் அடக்கத்துக்குப் பிறகு யூஜினிடம் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார், நாங்கள் முயற்சி செய்தோம் என்ற அர்த்தத்தில். யூஜினின் மண்டையில் அது வேறு மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து லிப்டில் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஆள் ஒரு பக்கம் பிடிப்பானா, அந்த ஆளுக்குக் கையில் பலம் இருக்குமா என்றே மனசு அளக்கிறது. "என்னைத் திருப்ப எத்தினி பேர் வேணும் ஹெலன்?" என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அவள் எழுந்து போய்விட்டாள்.

தடுப்பூசி போட நாற்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும். யூஜினுக்கு நாற்பத்து நாலு. ஹெலன் அவரைவிட இரண்டு வயது மூத்தவள். கல்யாணத்தின்போது ஊரெல்லாம் அதை வைத்துக் கேலி செய்தது. இன்றைக்கு அதனால் அவளுக்கு ஊசி கிடைக்கிறது, அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பேச்சு ஒரு நாள் லிப்டுக்குள்ளேயே வந்தது. பல் டாக்டர் நிருபமாதான் ஆரம்பித்தார். "யூஜின், வெளிநாட்டுல சில இடத்துல ரொம்ப வெயிட் இருக்கறவங்களுக்கு வயசு பாக்காம முன்னாடியே போட்றாங்க, தெரியுமா? அவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. இங்கேயும் அப்படிப் பண்ணணும்."

ஆடிட்டர் வெங்கடராமனுக்கு அது பொறுக்கவில்லை. "நன்னா இருக்கு டாக்டர். வாயைக் கட்ட முடியாதவனுக்கு வரிசையில முதல் இடமா? நாளைக்குக் குடிக்கறவன் வருவான், சிகரெட் பிடிக்கறவன் வருவான். வாக்கிங் போய் உடம்பை ஒழுங்கா வெச்சிண்டிருக்கறவன் கடைசியில நிக்கணுமாக்கும்?"

"தப்பு யார் மேலன்னு பாத்தா வைத்தியம் பண்ண முடியும் சார்? உங்களுக்குப் பல்லு சொத்தையானப்போ நான் சாக்லேட் கணக்குக் கேட்டேனா?"

"பல்லுக்கு நான் பணம் கொடுத்தேன். இது ஊர்ச்சொத்து."

முதல் மாடி வந்துவிட்டது. யூஜின் கம்பிக் கதவை இழுத்துத் திறந்தார். வெங்கடராமன் இறங்கும்போது, "உன்னைச் சொல்லலை யூஜின், பொதுவாச் சொன்னேன்" என்றார். "பரவால்ல சார்" என்றார் யூஜின். இருவரில் யார் சரி என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. டாக்டரம்மா பேசும்போது வெட்கமாக இருந்தது. ஆடிட்டர் பேசும்போது, ஆமாம், நான் தின்றதுதானே என்று தோன்றியது. ஆனால் தின்றதுதானா? ஆண்டனியும் அவரும் ஒரே தட்டில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். தங்கை அதே கஞ்சியைக் குடித்துவிட்டு ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கிறாள். இதையெல்லாம் சொல்லலாம்தான். அதற்குள் ஆடிட்டரின் மாடி வந்துவிடுகிறது.

போன வாரம் பல் டாக்டரிடம் வந்த ஒரு அம்மாள் சட்டென்று கேட்டே விட்டார். "நீங்க இறங்கிட்டா நாங்க இன்னும் ரெண்டு பேர் சேர்ந்து போலாமே?" கேள்வியில் தப்பே இல்லை. யூஜின் இறங்கி, பொத்தானைக் காட்டிக்கொடுத்துவிட்டு, மேலே கதவைத் திறந்துவிட வேண்டுமே என்று படியேறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு இரைத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. இது படி ஏறின மூச்சா, அந்த மூச்சா? ஓரமாக நின்று முகமூடியை இறக்கி, தன் உள்ளங்கையையே முகர்ந்து பார்த்தார். காலையில் தொட்ட எண்ணெய் வாசனை வந்தது. மூக்கு வேலை செய்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். அன்று முழுக்க அரை மணிக்கொரு தரம் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹெலனை ஊசிக்கு அழைத்துப்போனார். வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்ன ஆரம்ப சுகாதார மையம். தடித்த கைப்பையில் குடை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஆதார் அட்டை என்று ஒரு குடித்தனத்தையே தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள் ஹெலன். ஊசி போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் உட்காரச் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்தாள். யூஜின் வாசலில் நின்றார். கூட்டம் கரைந்து, கடைசியில் நாலைந்து பேர்தான் மிச்சம்.

நர்ஸ் மமதா உள்ளேயிருந்து தலையை நீட்டி, கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள். "இன்னும் யாராவது இதாரா? ஒந்தே ஒந்து டோஸ் இருக்குது. பாட்டில் திறந்தாச்சு, நாளைக்கு ஆகல்ல. கொட்டணும்."

நாற்பத்தைந்து தாண்டியவர்கள் யாரும் இல்லை. அம்மாவை அழைத்துவந்த கேசவ் என்ற ஒல்லிப் பையன் எழுந்தான். முப்பது வயசிருக்கும். "மேடம், நான் போட்டுக்கலாமா?" யூஜினின் காலும் தானாக ஓர் அடி முன்னால் வைத்துவிட்டது. அவருக்கே அது தெரியவில்லை.

மமதா போனில் யாரையோ கேட்டாள். கொட்டுவதற்குப் பதில் போடலாம் என்று பதில் வந்திருக்க வேண்டும். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தருக்குத்தான் ஆகும். யாருக்கு அவசரம், சொல்லுங்க."

கேசவ் தயங்காமல் சொன்னான். "எங்கப்பாவுக்கு டயாலிசிஸ் மேடம். வாரத்துல மூணு நாள் நான்தான் கூட்டிட்டுப் போறேன். நான் கொரோனாவ வாங்கிட்டு வந்தா அவருக்குத்தான் முதல்ல ஒட்டும்." அவன் பொய் சொல்லவில்லை. அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்ட விதத்திலேயே அது தெரிந்தது. போகட்டும், அந்தப் பையனே போட்டுக்கொள்ளட்டும் என்று யூஜினின் ஒரு மனசு சொன்னது. லிப்டில் இடம் போதாவிட்டால் கடைசியாக ஏறினவர்தானே இறங்க வேண்டும்? இன்னொரு மனசுக்குள் ஆண்டனி மல்லாந்து படுத்துக்கொண்டு, பக்கத்து வார்டிலிருந்து ஆள் வருவதற்காகக் காத்திருந்தார்.

"உங்களுக்கு?" என்றாள் மமதா. "உடம்புக்கு ஏனாவது இருக்கா? சுகர், பி.பி.?"

"இல்ல மேடம்."

"ஹார்ட்? ஆஸ்துமா?"

"அதுவும் இல்ல."

"மத்தே? வேற ஏனாவது?"

யூஜின் வாயைத் திறந்தார். இருக்கிறது என்று சொல்லிவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? பொய் வரவில்லை. நிஜமும் வரவில்லை. நாற்பத்து நாலு வருஷமாக அந்த வார்த்தையை அவரைப் பார்த்து மற்றவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், சொந்தக் கல்யாணத்தில். அவர் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரெண்டு ஆளு என்பார், பாரம் என்பார், அந்த வார்த்தையை மட்டும் சொன்னதில்லை.

"உடம்புதான் மேடம்" என்றார்.

மமதாவுக்குப் புரியவில்லை. "உடம்புக்கு என்ன?"

கர்ப்பிணிகளுக்காக மூலையில் ஓர் எடை மெஷின் இருந்தது. யூஜின் அதைப் பார்த்து நடந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சிலிருந்த ஹெலன் பழக்கதோஷத்தில் எழுந்து ஓடிவந்து, ஊசி போட்ட கை வலிக்க வலிக்க, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினாள்.

யூஜின் அந்தக் கையில் எதையும் வைக்கவில்லை. அவள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு மெஷின் மேல் ஏறி நின்றார்.